படிக்கட்டுச் சுவரில் பட்டாபிஷேகம்

படிக்கட்டுச் சுவரில் பெரிய படம் மாட்ட வேண்டும் என்று யாராவது போன் செய்தால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்பேன். பலருக்கு உடனே பதில் சொல்லத் தெரியாது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாத்ரூம் சார்" என்பார்கள். அப்படியென்றால் சுவருக்குள் கீசர் குழாய் போகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். எந்த உயரத்தில் போகிறது என்று தெரியாமல் டிரில்லிங் மெஷினை வைக்க முடியாது. குழாயில் ஓட்டை விழுந்தால் உடனே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் என்று நினைக்கிறோம். எப்போதும் அப்படி நடக்காது. சின்னக் கசிவாக இருந்தால் பல நாள் கழித்துச் சுவர் ஊறிப் பெயின்ட் உப்பும்போதுதான் தெரியும். அதற்குள் படத்தின் பின்பக்கம் பூஞ்சை பிடித்திருக்கும்.

சென்னையில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். தொழில் கற்றது சித்தப்பாவிடம். பிரேம் போடுவது ஒரு வேலை, அதைக் கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது இன்னொரு வேலை. மாட்டுவதற்குத் தனிக் கூலி கேட்டால், "ஒரு ஆணி அடிக்கிறதுக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹாலில் சின்னப் படம் என்றால் அவர்கள் கேட்பது நியாயம். படிக்கட்டில் மாட்டுகிற படத்தின் கீழே வீட்டிலுள்ள அத்தனை பேரும் தினமும் ஏறி இறங்குகிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். ஹாலில் படம் கழன்றால் சோபா மேல் விழும். படிக்கட்டில் கழன்றால் ஆள் மேல் விழும், ஆளும் படத்தோடு சேர்ந்து உருளுவார். இந்த வேலையை நான் படம் மாட்டும் வேலை என்று நினைப்பதில்லை, பாரம் ஏற்றும் வேலை என்றே நினைக்கிறேன்.

உயரம் வைப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். சமதளத் தரையில் இதற்கு எளிய கணக்கு உண்டு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில், அதாவது நிற்கிறவரின் கண்மட்டத்தில் வர வேண்டும். படிக்கட்டில் அந்தக் கணக்கு செல்லாது. வீடுகளில் சாதாரணமாகப் படி 10 அங்குல அகலம், 7 அங்குல உயரம் இருக்கும். 6 அடி அகலமுள்ள படத்தை அந்தச் சுவரில் வைத்துப் பாருங்கள். படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போவதற்குள் தரை 4 அடிக்கு மேல் ஏறிவிடுகிறது. இடது ஓரத்தில் நிற்பவரின் தலைக்கு நேரே படத்தின் கீழ்ச்சட்டம் இருந்தால், வலது ஓரத்துக்கு ஏறி வந்தவரின் முழங்காலுக்கு அது நேராக வந்து நிற்கும். ஏறுகிறவர் தோள் உரசும், பை உரசும், பிள்ளைகளின் கை எட்டும். அதனால் சரிவுச் சுவருக்குப் படம் வாங்குகிறவர்களிடம், அகலத்தைக் குறைத்து உயரம் கூடிய படமாக எடுங்கள் என்பேன். அகலமான படத்துக்கு லேண்டிங் சுவர்தான் பொருத்தம். ஆனால் நம் ஊர் வீடுகளில் லேண்டிங் சுவர் பெரும்பாலும் வெளிச்சுவர். அதில் ஜன்னல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் இறங்கும். மேற்குப் பார்த்ததாக இருந்தால் வெயில் நேராக அடிக்கும். எல்லாம் ஒத்துவருகிற சுவர் அரிது.

நான் செய்த வேலைகளில் மனசுக்கு நிறைவானது ஒரு தஞ்சாவூர் ஓவியம். ராமர் பட்டாபிஷேகம், 6 அடி அகலம், 4 அடி உயரம். மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அந்த வீட்டுக்காரர் சொல்லி வைத்துச் செய்வித்தது. ஹாலில் இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும் ஒரே சுவர், அதை ஒட்டி நேராக ஏறும் படிக்கட்டு. படிக்கட்டின் நடுவில், ஏறும்போது பக்கத்திலேயே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இஞ்சினியரும் அதையே சொல்லி, சுவரில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார்.

அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரின் அம்மாதான் பேசினார். "ஏம்ப்பா, பாதிப் படி ஏறினதுமே நம்ம கால் ராமர் தலைக்குச் சமமா வந்துடுமே. அதுக்கு மேல போனா ராமர் கீழ, நம்ம கால் மேல. அப்படி வைக்கலாமா?"

மகன், "அம்மா, அதெல்லாம் பார்த்தா மாடி வீட்ல எங்கயுமே சாமி படம் வைக்க முடியாதும்மா" என்றார்.

நான் பாட்டியம்மா பக்கம் நின்றேன். பக்தியைத் தள்ளி வைத்துவிட்டு அளவை மட்டும் பார்த்தாலும் அவர் சொன்னதுதான் சரி. மேல்தளத்துத் தரை 11 அடியில் இருந்தது. படத்தின் கீழ்ச்சட்டத்தை 14 அடியில் வைத்தால் வீட்டில் யாருடைய காலும் ராமருக்கு மேலே போகாது. பிரேமோடு சேர்த்து நாலரை அடி உயரமுள்ள படத்தின் நடு 16 அடிக்குச் சற்று மேலே வரும். மாடித் தாழ்வாரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவருக்கு அது கண்மட்டம். படி ஏறுகிறவர் தோளும் கையும் படத்தின் அருகிலேயே போகாது. கீழே ஹாலிலிருந்து பார்ப்பவர் மட்டும் அண்ணாந்து பார்க்க வேண்டும், அதற்கு வழி உண்டு. அந்த அம்மாவுக்குச் சாஸ்திரமாகப் பட்டது எனக்கு அளவாகப் பட்டது. இஞ்சினியரும் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தன் கட்டத்தைத் தானே அழித்தார்.

உயரம் முடிவானதும் எடையைக் கணக்கிட்டேன். பழைய தஞ்சாவூர் ஓவியங்கள் பலாமரப் பலகையில் செய்தவை. இரண்டாம் சரபோஜி காலத்துப் படங்களைப் பலகைப் படம் என்றே சொல்வார்கள். இப்போது பிளைவுட்தான். அதன் மேல் துணி ஒட்டி, சுண்ணப் பசை பூசித் தேய்த்து, நகையும் மண்டபமும் வருகிற இடங்களை மேடாக்கி, கல் பதித்து, தங்க ரேக் ஒட்டுகிறார்கள். 12 மி.மீ. பிளைவுட் அந்த அளவுக்கு ஏறக்குறைய 17 கிலோ. நாலு அங்குலத் தேக்குச் சட்டம் 15 கிலோ. கண்ணாடியின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரண்டரை கிலோ. 4 மி.மீ. கண்ணாடி போட்டால் இந்தப் படத்துக்கு அது மட்டுமே 22 கிலோ. பார்க்கிறவர்கள் எடையெல்லாம் மரத்தில் என்று நினைக்கிறார்கள். இதில் அதிக எடை கண்ணாடிக்குத்தான்.

படிக்கு மேலே 14 அடியில் 22 கிலோ கண்ணாடியை நிறுத்த நான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்ரிலிக் ஷீட் போடச் சொன்னேன். எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும், உடைந்தாலும் கத்தி கத்தியாகச் சிதறாது. அதற்கும் சில குணங்கள் உண்டு. பெரிய ஷீட் கொஞ்சம் வளையும், அதனால் கல் மேடுகளுக்கும் அதற்கும் நடுவே கண்ணாடிக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி விட்டுச் சட்டத்துக்குள் கட்டை வைக்க வேண்டும். சீக்கிரம் கீறல் விழும். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரேயை அடித்தால் நாளாவட்டத்தில் மயிரிழை வெடிப்பு காணும், மெல்லிய பருத்தித் துணிதான் அதற்கு உகந்தது. எல்லாம் சேர்த்து மொத்த எடை 45 கிலோவுக்குள் வந்தது.

இப்போது பெரும்பாலான கடைகளில் எந்த அளவுப் படமானாலும் பின்பக்கம் இரண்டு வளையம் திருகி, குறுக்கே கம்பி கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்னப் படத்துக்குச் சரி. பெரிய படத்துக்கு அந்தக் கம்பி சத்துரு. ஒரே ஆணியில் தொங்கும் கம்பி மட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் இருந்தால், ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடைக்குச் சமமான இழுப்பு வரும். ஆணி வெளியே தெரியக் கூடாது என்று கம்பியை இன்னும் இறுக்கி 15 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் 45 கிலோ படத்துக்குப் பக்கத்துக்கு 87 கிலோ. அந்த இழுப்பு பக்கச் சட்டங்களை உள்நோக்கி வளைக்கும். மூலை இணைப்பு முதலில் மயிரளவு வாய் திறக்கும், பிறகு கம்பி முறுக்கு ஒவ்வொன்றாக அறும். கம்பி அறுந்து விழுந்த படங்கள் ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. பெரும்பாலும் சுவரில் ஆணி அசையாமல் அப்படியே இருந்திருக்கும்.

பழைய வீடுகளில் மாட்டியிருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில், அக்கிரகாரத்து வீடுகளில் படங்கள் சுவரின் மேல் வரிசையில், முன்பக்கம் குனிந்தபடி நிற்கும். 1894இல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுக்கு வீடு வந்தார்கள். அவர்களையும் அப்படியே மாட்டினார்கள். கீழ்ச்சட்டம் உட்கார இரண்டு ஆணி அல்லது மர முளை. மேலே ஒரு கயிறு, அதற்கு ஒரு ஆணி. பாரம் முழுவதையும் கீழ் ஆணிகள் சுமக்கும், கயிறு படம் முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படி மாட்டிய படங்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றன. சித்தப்பா இதைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "பெரிய படத்தைத் தொங்க விடாதடா, உட்கார வை."

பட்டாபிஷேகத்தையும் அப்படித்தான் உட்கார வைத்தோம். கீழே மூன்று இரும்பு எல்-ஆங்கிள், உட்பக்கம் ஃபெல்ட் ஒட்டியது. மேலே இரண்டு சங்கிலி. மேல் ஓரம் சுவரை விட்டு நாலரை அங்குலம் முன்னால் வருகிற மாதிரிச் சாய்த்தோம். கிட்டத்தட்ட 5 டிகிரி. படம் 5 டிகிரி சாய்ந்தால் அதில் தெரிகிற பிரதிபலிப்பு 10 டிகிரி விலகும். கூரை விளக்கின் பளபளப்பு கீழே நிற்பவர் கண்ணில் அடிக்காமல் போவதற்கு அந்த விலகல் போதும். ஹாலில் நின்று அண்ணாந்து பார்ப்பவரை ராமர் குனிந்து பார்க்கிறார். அந்தச் சாய்வில் இரண்டு சங்கிலிக்கும் சேர்த்து வருகிற இழுப்பு 3 கிலோ அளவுதான். இருந்தாலும், ஒவ்வொரு சங்கிலியும் தனியாக முழுப் படத்தைத் தாங்கும் கனத்தில்தான் போட்டேன். ஆங்கிள் ஒன்று தளர்ந்தாலும் படம் படிக்கு வரக் கூடாது. படத்துக்கும் சுவருக்கும் நடுவே இயல்பாகவே காற்று ஓடுகிற இடைவெளி கிடைத்துவிட்டது. சுண்ணப் பூச்சுக்கு ஈரம் ஆகாது என்பதால் அது பெரிய லாபம்.

சுவர் வேலைதான் இதில் நேரம் பிடிப்பது. முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். பூச்சு செங்கலை விட்டு உப்பியிருந்தால் பொக்கையான சத்தம் வரும். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வரும். அடுத்து ஒயர். படிக்கட்டு என்றால் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று டூ-வே இணைப்பு கட்டாயம் இருக்கும். அந்தப் பைப் எந்த வழியாகப் போகிறது என்று வரைபடத்தில் ஒன்று இருக்கும், எலக்ட்ரீஷியன் காடி வெட்டிய வழி வேறாக இருக்கும். சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, பைப் மேல்பக்கமாக வெளியேறுகிறதா, பக்கவாட்டிலா என்று பார்ப்பேன். அந்த நேர்க்கோட்டில் ஒரு சாண் அகலத்துக்கு எதுவும் துளைக்க மாட்டேன். டிடெக்டர் கருவி வைத்திருக்கிறேன். ஆனாலும் பெட்டியைத் திறந்து பார்ப்பதை விட்டதில்லை.

பிறகு துளை. டிரில் பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொண்டு, கீழே ஒரு காகிதத்தை ஒட்டி, வருகிற தூளைப் பார்த்துக்கொண்டே துளைக்க வேண்டும். முதலில் சாம்பல் நிறத் தூள் வரும், அது சிமென்ட் பூச்சு. முக்கால் அங்குலம் போனதும் சிவக்கும், அது செங்கல். சிவப்பு கடைசி வரை வந்தால் நிம்மதி. சாம்பல் தூளே தொடர்ந்து வந்து பிட்டும் திணறினால் உள்ளே கான்கிரீட் பீம் அல்லது தூண். வெள்ளைத் தூள் மாவு மாதிரி உதிர்ந்து பிட் சுலபமாக இறங்கினால் இப்போதைய எடை குறைந்த பிளாக். அதில் ஹேமரை அணைத்துவிட்டுத்தான் துளைக்க வேண்டும், அதற்கென்று உள்ள பிளக்தான் போட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரிலும் வெள்ளைதான் வரும். அங்கே அதிர்வு கொடுத்தால் பக்கத்துப் பூச்சும் சேர்ந்து கழன்று வரும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகு ஏற்றிய செட்டிநாட்டுச் சுவர்களில் நான் புதிதாகத் துளை போடுவதே இல்லை. பழைய ஆணி, பழைய உத்தரம் எது இருக்கிறதோ அதிலிருந்துதான் தாங்கல் எடுப்பேன்.

இந்த வீடு 9 அங்குலச் செங்கல் சுவர். ஆங்கிளுக்கு இரண்டு துளை. நடு ஆங்கிளின் ஒரு துளையில் சிவப்புத் தூள் வந்துகொண்டிருந்தபோதே நிறம் மாறிச் சாம்பல் ஆனது, பிட் தொய்ந்து உள்ளே போனது. செங்கலுக்கும் செங்கலுக்கும் இடையிலுள்ள கலவைச் சந்து. அங்கே பிளக் போட்டால் இன்றைக்கு இறுகும், நாளாக நாளாகச் சுழல ஆரம்பிக்கும். அந்தத் துளையை அடைத்துவிட்டு ஆங்கிளை 2 அங்குலம் நகர்த்தினோம், முழுச் செங்கல் கிடைத்தது. இரும்பு ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கு உரியது. செங்கலில் அது விரியும்போது கல்லையே பிளந்துவிடும். அதனால் நீளமான நைலான் பிளக்கும் ஸ்க்ரூவும் போட்டேன். போடுவதற்கு முன் சைக்கிள் பம்பால் துளைக்குள் காற்றடித்துத் தூளை வெளியேற்ற வேண்டும். தூள் கிடந்தால் பிளக் செங்கலைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஏற்றுவதற்குச் சாரம் கட்டினோம். படியில் ஏணி வைத்து, கீழ்ப்படியில் நிற்கும் காலுக்குச் செங்கல் அடுக்கி மட்டம் செய்கிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. என் ஆட்களை அதில் ஏற விடமாட்டேன். ஒவ்வொரு படிக்கும் தக்க நீளத்தில் சவுக்குக் கழி, கிரானைட் கீறாமல் அடியில் சாக்கு, மேலே இரண்டு பேர் நின்று திரும்புகிற அகலத்துக்குப் பலகை. சாரம் கட்ட அரைநாள் ஆனது, படத்தை ஏற்ற அரைமணி கூட ஆகவில்லை. படத்தை எப்போதும் செங்குத்தாக நிறுத்தியபடிதான் தூக்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்துத் தூக்கினால் பலகை நடுவில் தொய்யும், சுண்ணப் பூச்சு விரிசல் விடும், விரிசல் தங்க ரேக்கையும் சேர்த்துக் கிழிக்கும். மேல்சட்டத்தைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. கீழ்ச்சட்டத்துக்கு அடியில் பெல்ட் கொடுத்து, மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர், குரல் கொடுக்க ஒருவர். "மெதுவா... இன்னும்... நில்லு" என்று ஒரே ஒரு குரல்தான் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் ஆர்வத்தில், "லெஃப்ட்ல கொஞ்சம்" என்று சொன்னபோது, "சார், உட்காரட்டும், அப்புறம் சொல்லுங்க" என்று நிறுத்தினேன்.

ஆங்கிளில் உட்கார்ந்ததும் ரசமட்டம் வைத்தோம். படிக்கட்டில் ரசமட்டம் ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். பக்கத்தில் கைப்பிடி சாய்வாக ஓடுவதால், சரியாக இருக்கிற படமே ஒரு பக்கம் இறங்கின மாதிரித் தோன்றும். கீழே நிற்பவர்கள் சாய்ந்திருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். மேலே தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் கூரை விளிம்பும் படமும் இணையாக இருப்பது தெரியும். அங்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவேன். ரசமட்டத்தை மீறி நான் எதையும் மாற்றுவதில்லை.

படிக்கு மேல் கூரையில் கண்ணாடி போட்ட வெளிச்சத் திறப்பு ஒன்று இருந்தது. உச்சி வெயில் படத்தின் ஒரு மூலையில் விழுந்தது. அதற்கு யூவி ஃபிலிம் ஒட்டச் சொல்லிவிட்டு, கூரையிலிருந்து 30 டிகிரிச் சாய்வில் மஞ்சள் ஒளி எல்.இ.டி. ஒன்று வைத்தோம். சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டுப் பாட்டியம்மாவைப் படியேறி வரச் சொன்னேன். தஞ்சாவூர் ஓவியம் பூஜை அறையிலும் பஜனை மடத்திலும் விளக்கொளியில் பார்ப்பதற்கென்று பிறந்தது. அங்கே சுடர் அசையும், தங்கம் மினுங்கும். இந்தக் காலத்து விளக்கு அசைவதில்லை. ஆனால் படிக்கட்டில் பார்க்கிறவர் அசைகிறார். ஒவ்வொரு படிக்கும் ஒளி விழும் கோணம் மாறி, முதலில் கிரீடம், பிறகு சீதையின் ஒட்டியாணம், பிறகு மண்டபத்துத் தூண் என்று ஒவ்வொன்றாகத் தங்கம் விழித்தெழுந்தது. பாட்டியம்மா நாலைந்து படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். பெரிய படத்துக்குப் படிக்கட்டு நல்ல இடம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். சமதளத்தில் நின்று பார்க்கும் படம் ஒரே படமாகத்தான் இருக்கும்.

எண்ணெய் வண்ணக் கேன்வாஸ் என்றால் பாரம் குறைவு, ஆனால் நம் கடற்கரைக் காற்றில் கேன்வாஸ் தொய்யும், இறுகும். வெயில் ஏறும் மேற்குச் சுவரில் அதை மாட்டாதீர்கள். எந்தப் படமானாலும் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்னால், ஆள் வைத்து ஏறி ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிக்கட்டுச் சுவருக்குப் பூச்சு வேலை தொடங்கும் முன், பைப்பும் ஒயரும் தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஒரு அளவு டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு போனில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். பெரிய படம் மாட்டும் எண்ணம் இருந்தால் மேஸ்திரியிடம் அப்போதே சொல்லி, அந்த உயரத்தில் சுவரின் நீளத்துக்கும் ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டிவிடச் சொல்லுங்கள். பின்னால் என்னைப் போல ஒருவர் டிரில்லோடு வந்து நிற்கும்போது அந்தப் போட்டோவைக் காட்டினால் போதும்.